ஆகாயத்தில் செலவழியும் பொதுப்பணம்

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைப் பிரதேசத்தின் வடபாகத்தில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே, தெலோம் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிப் படிந்து கிடக்கும் கோலா தெர்லாவுக்கும், தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் ஓசையின்றிக் கடந்து செல்லும் செயற்கைக்கோள்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பெரும்பாலோர் கூரை ஓரத்தில் பொருத்தியிருக்கும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் பதில் பிழையானதன்று, ஆயினும் போதுமானதும் அன்று. இம்மலையில் தேயிலைக் கொழுந்துக்கு மென்மையும் வாசனையும் அளிக்கிற மூடுபனியே, மேலிருந்து இதைப் படம்பிடிக்க முயலும் எந்தக் காமிராவுக்கும் முதற்பகையாக நிற்கிறது. ஆகாய ஆராய்ச்சிக்காக அரசாங்கங்கள் செலவிடும் பொதுப்பணம் ஜனங்களுக்குப் பிரயோஜனப்படுகிறதா என்ற பழைய கேள்வியை இந்த மூடுபனியின் வழியாகவே விசாரிப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் பொதுவாகப் பேசும்போது எளிதாகத் தப்பிவிடும் வாதங்கள், ஒரு குறிப்பிட்ட மலைச்சரிவை முன்வைத்துப் பேசும்போது அவ்வளவு எளிதாகத் தப்ப முடிவதில்லை.

இந்தச் செலவை எதிர்ப்பவர்கள், பள்ளிக்கூடமும் மருந்தகமும் பாதையும் இல்லாத ஊர்கள் இருக்கையில் ராக்கெட் எதற்கு என்று கேட்கிறார்கள். ஆதரிப்பவர்களோ, விண்வெளி ஆராய்ச்சியால் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பொருள்களின் ஜாபிதா ஒன்றை நீட்டுகிறார்கள். இரண்டாவது கட்சியாரின் ஜாபிதாவில் எனக்கு ஒருபோதும் திருப்தி ஏற்பட்டதில்லை. அதில் வழக்கமாக முதலிடம் பெறும் டெப்லான் பூச்சு 1938-ஆம் ஆண்டிலேயே டுபான்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது நாஸா பிறக்கவே இல்லை. மேலும், ஒட்டாத பாத்திரம் வேண்டுமானால் ஒட்டாத பாத்திரத்துக்கே பணம் ஒதுக்கலாமே, சந்திரனைச் சுற்றிவர வேண்டுவது என்ன என்ற கேள்விக்கு அந்த ஜாபிதாவில் பதில் இல்லை. எதிர்ப்பவர்களும் தொகையின் அளவை மிகைப்படுத்திக் கொள்கிறார்கள். அப்போலோ திட்டத்தின் உச்சமான 1966-இல் அமெரிக்க அரசாங்கச் செலவில் நூற்றுக்கு நான்குக்கு மேற்பட்ட பங்கை விழுங்கிய நாஸா, இன்று அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை; இந்தியாவில் 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 12,544 கோடி ரூபாய், மொத்தச் செலவில் நூற்றுக்குக் கால்பங்கைச் சற்றே தாண்டுவது. ஆயினும் சிறிய தொகை என்பதனால் ஒரு செலவு நியாயமாகிவிடாது. அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம்.

அது வாங்கும் பொருள்களில் தலையாயது தொடர்ச்சி என்பது என் அபிப்பிராயம். லாபத்தை நாடும் எந்தக் கம்பெனியும் பத்தாண்டுகளுக்கு மேல் பலனில்லாமல் காத்திராது. ஒரு மலை மாறுவதைப் பார்க்கவோ பத்தாண்டு போதாது. 1972-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்கா ஏவிய முதல் லாண்ட்சாட், பூமியின் நிலப்பரப்பைத் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கும் ஒரே வேலைக்கென்று அனுப்பப்பட்டது. அதன் வழித்தோன்றல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று அந்த வேலையை அரை நூற்றாண்டுக்கு மேலாக இடையறாது செய்து வருகின்றன. இடையில் ஒரு விபரீதப் பரீட்சையும் நிகழ்ந்தது. இவ்வளவு பிரயோஜனமுள்ள படங்களை விலைக்கு விற்று லாபம் காணலாமே என்ற யோசனையின் பேரில், 1984-இல் இயற்றப்பட்ட சட்டத்தை அநுசரித்து, 1985 முதல் அவற்றின் விற்பனை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. படம் ஒன்றின் விலை நாலாயிரம் டாலரைத் தாண்டியது. ஏழை நாடுகளின் வன அதிகாரிகளும் சர்வகலாசாலை மாணவர்களும் வாங்குவதை விட்டார்கள். வாங்குவோர் இல்லாத இடங்களைப் படம் எடுப்பதும் குறைந்தது. 1992-இல் வேறொரு சட்டம் அந்தப் பொறுப்பை அரசாங்கத்துக்கே மீட்டுத் தந்தது. 2008-இல் பண்டகசாலை முழுவதும் விலையின்றித் திறந்துவிடப்பட்டபோது, அதுகாறும் ஆண்டுக்குச் சில பதினாயிரங்களாக இருந்த உபயோகம், ஓராண்டுக்குள் பத்து லட்சம் படங்களைத் தொட்டது. மேரிலாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2013-இல் வெளியிட்ட உலகக் காடுகளின் அழிவு வரைபடம், ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட லாண்ட்சாட் படங்களைக் கோத்துச் செய்யப்பட்டது. பழைய விலையில் அவற்றை வாங்க எந்த ஆராய்ச்சி நிலையத்தின் கஜானாவும் இடங்கொடுத்திராது.

தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாள் பெயர் பதியாமல் விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு சம்பளக் கிராணிகளை அமர்த்தினாலும் அந்த நாளை மீண்டும் எழுத முடியாதல்லவா? வானத்துப் பதிவும் அப்படிப்பட்டதே. 1988-இல் ஒரு சரிவு எப்படி இருந்தது என்பதை 2024-இல் போய்ப் படம் எடுக்க இயலாது. அதனால்தான், யாருக்கு எப்போது பயன்படும் என்று தெரியாத நிலையிலேயே இதற்குப் பணம் செலவிட வேண்டியிருக்கிறது. அவ்விதச் செலவைப் பொதுப்பணத்தைத் தவிர வேறு எதுவும் ஏற்பதில்லை.

ஆனால் கேமரன் மலை போன்ற இடத்துக்கு லாண்ட்சாட்டின் பதிவில் ஒரு குறை உண்டு. துருவங்களை ஒட்டி வடக்குத் தெற்காகச் சுற்றும் அதன் இன்றைய கலம் ஒவ்வொன்றும், ஓர் இடத்துக்கு மேலே பதினாறு நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஏறக்குறையக் காலை பத்து மணி அளவில்தான் வந்து சேருகிறது. வந்த நேரத்தில் மேகம் மூடியிருந்தால், அந்த முறை வெண்மையைத் தவிர வேறொன்றும் பதிவதில்லை. பாலைவனத்துக்கும் கோதுமை வயலுக்கும் ஏற்ற இந்தச் சுற்றுப்பாதை, பூமத்திய ரேகையை அடுத்த மழைக்காட்டுப் பிரதேசங்களுக்குப் பாதி அளவே உதவுகிறது. இந்தக் குறையை உணர்ந்து அதற்கு ஒரு மாற்றைச் சிந்தித்த நாடு மலேசியா என்பதும், அந்தச் சிந்தனை அதன் கையாலேயே நழுவவிடப்பட்டது என்பதும் நம்மவர் பலரும் அறியாத சரித்திரம்.

மலேசியாவின் விண்வெளி முயற்சி ஆரவாரத்தோடு தொடங்கவில்லை. 1988-இல் நிறுவப்பட்ட தொலையுணர்வு நிலையம், பிற நாட்டுச் செயற்கைக்கோள்களின் படங்களைப் பெற்று, வனம், விவசாயம், வெள்ளம் ஆகியவற்றை ஆராயும் அடக்கமான வேலையைச் செய்து வந்தது. நமது பகாங் மாநிலத்திலேயே தெமெர்லோவில் அதற்கென்று ஒரு தரைநிலையம் பின்னால் அமைந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டெம்பரில், இங்கிலாந்தின் சர்ரே நிறுவனத்தாரோடு கூடிச் செய்த தியோங்சாட் என்ற சிறு செயற்கைக்கோள் பைக்கனூரிலிருந்து புறப்பட்டது. 2002-இல் தேசிய விண்வெளி முகமையான அங்காசா தோன்றியது. அதன்பின் 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, டாக்டர் ஷேக் முஸாபர் சோயுஸ் கலத்தில் ஏறிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோதுதான் தேசம் முழுவதும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தது. பதினெட்டு சுகோய் போர்விமானங்களை ருஷ்யாவிடம் வாங்கிய ஒப்பந்தத்தின் ஓர் அங்கமாக அந்தப் பயணம் கிடைத்தது. இறுதிச் சுற்றுக்குத் தேறிய நால்வரில் வனஜா சிவா என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருவர் என்பதை அந்நாளில் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் பெருமையோடு சொன்னார்கள். பெருமையில் தவறில்லை, அந்தப் பெருமையினால் ஒரு சில பிள்ளைகளாவது விஞ்ஞானத்தை நாடியிருப்பார்களென்றால் அதுவும் ஒரு லாபமே. ஆனால் இரண்டாவது விண்வெளி வீரர் இன்றளவும் புறப்படவில்லை. தொடராத காரியத்தின் பலனைக் கணக்கிடுவது கடினம்.

விஞ்ஞானத்தின் கண்கொண்டு பார்த்தால், அதைவிடப் பன்மடங்கு முக்கியமானது 2009-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, பசிபிக் சமுத்திரத்தில் குவாஜலீன் பவழத் தீவுத் தொகுதியிலிருந்து பால்கன்-1 ராக்கெட்டில் சென்ற ரசாக்சாட். கொரிய நிறுவனம் ஒன்றின் துணையோடு மலேசியப் பொறியியலாளர்கள் அமைத்த இந்த 180 கிலோ எடையுள்ள கலம், இரண்டரை மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்தறியும் காமிராவைத் தாங்கியிருந்தது. அதன் விசேஷம் காமிராவில் இல்லை, பாதையில் இருந்தது. துருவ வழியை விட்டு, பூமத்திய ரேகைக்கு ஒன்பது பாகை சாய்வில் மட்டும் அது சுற்றியது. ஆகவே சுமார் 685 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் மலேசியாவின் வானத்தை அது அணுக முடிந்தது. இரவில் வரும் சுற்றுகளால் காமிராவுக்குப் பயனில்லை என்று தள்ளினாலும், பகற்பொழுதில் பலமுறை வாய்ப்புக் கிடைக்கிறது. பத்து மணிக்கு மேகம் மூடியிருந்தால் பன்னிரண்டு மணிக்குச் சற்றே விலகியிருக்கலாம். மேகத்தை வெல்ல முடியாத இடத்தில், அது விலகும் தருணத்துக்காகக் காத்திருப்பது என்ற இந்த யுக்தி, பணக்கார நாடுகளின் விஞ்ஞானிகளுக்குத் தோன்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று. தன் ஊரின் வானிலையை அறிந்தவனே இதைச் சிந்திக்க முடியும்.

அந்தக் கலம் ஓராண்டு அளவில் செயலற்றுப் போயிற்று. 14 கோடியே 20 லட்சம் ரிங்கிட் செலவில் அமைந்த திட்டம் தன் நோக்கத்தை நிறைவேற்றவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2010-ஆம் ஆண்டு அறிக்கை கண்டித்தது. பொதுமக்கள் கோபம் கொண்டார்கள். அடுத்த ரசாக்சாட்டைப் பற்றிய திட்டம் வானத்தை எட்டவேயில்லை. கணக்காய்வாளர் தம் கடமையைச் செய்தார். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் எவ்விதத் தவறும் இல்லை. ஆயினும் என் மனம் ஒப்பாதது ஒன்று உண்டு: கருவி பழுதாயிற்று என்ற தீர்ப்பு, யோசனை பிழையானது என்ற தீர்ப்பாக மாறிவிட்டது. முதல் கலத்தில் கற்ற பாடத்தை இரண்டாவதில் உபயோகிக்க வழியில்லாமற் போனதால், அந்தப் பதினான்கு கோடிச் சில்லறையும் அப்போதுதான் உண்மையிலேயே வீணாயிற்று.

இத்தகைய தோல்விகளின்போது இந்தியா நடந்துகொண்ட விதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1963-ஆம் ஆண்டு நவம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், அமெரிக்கர் தந்த சிறு ராக்கெட் ஒன்றை ஏவித் தொடங்கிய அந்த முயற்சி, தோல்விகளின் வரிசையாலேயே வளர்ந்தது. 1975-இல் சென்ற ஆரியபட்டா செயற்கைக்கோளின் விஞ்ஞானப் பரிசோதனைகள் மின்சாரக் கோளாறினால் சில தினங்களில் நின்றன. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலையில் வென்றது. ஏ.எஸ்.எல்.வி. 1987-இலும் 1988-இலும் அடுத்தடுத்துத் தோற்றது. பி.எஸ்.எல்.வி.யின் முதற்பயணமும் 1993 செப்டெம்பரில் தோல்வியே. அன்று இந்திய நாடாளுமன்றத்தில் எவரேனும் போதும் என்று கையை விரித்திருந்தால், பின்னாளில் அந்த ராக்கெட் அடைந்த கீர்த்தி எதுவும் இருந்திராது. இந்த முயற்சியின் முன்னோடியான விக்ரம் சாராபாய் தம் திட்டத்துக்கு ஆதரவு தேடியபோது, பணக்கார நாடுகளோடு சந்திரனுக்குப் போட்டியிடுவது நோக்கமன்று, நாட்டின் சொந்தச் சிக்கல்களுக்கு உயர்ந்த விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதே நோக்கம் என்று வற்புறுத்தினார். 1975-76-இல் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கித் தொலைக்காட்சி காட்டியது அந்த நோக்கத்தின் முதற்பெரும் செயல். இன்று தமிழ்நாட்டுக் கடற்கரையில் மீன் மிகுதியாகக் கூடும் இடங்களைப் பற்றி வரும் அறிவிப்புகள், கடல்மட்டத்தின் வெப்பத்தையும், நுண்பாசியின் பசுமையையும் செயற்கைக்கோளால் அளந்து, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிலையம் தயாரிப்பவை. டீசல் விலை ஏறிய காலத்தில் எங்கே போவது என்று முன்கூட்டி அறிவது படகுக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இந்தத் தொடர்ச்சியின் பலனை, நமக்கு அடுத்த வீட்டுக்காரர் அனுபவித்த கதையும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்ற சிங்கப்பூரின் டெலியோஸ்-1, பூமத்திய ரேகைக்குப் பதினைந்து பாகைச் சாய்வில் வைக்கப்பட்டது. ரசாக்சாட் காட்டிய வழியைத்தான் அது பின்பற்றியது. 2023-இல் அதே ராக்கெட் அடுத்தடுத்துக் கொண்டுசேர்த்த டெலியோஸ்-2, டி.எஸ்.-சார் என்ற இரண்டு கலங்களும் அந்த ரேகையை ஒட்டியே சுற்றுபவை. அவற்றில் காமிராவுக்குப் பதிலாக, மேகத்தையும் இருளையும் ஊடுருவும் ராடார் இருக்கிறது. வெப்பமண்டல மலைக்கு வேண்டிய இரண்டு குணங்களும் ஒன்றாகச் சேர்ந்த கருவி இன்று நிஜமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது மலேசியாவினுடையதன்று.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. கோலா தெர்லாவின் வீடுகளுக்கு ஆகாயத்திலிருந்து பிரத்தியட்சமாக வந்து சேர்ந்த முதல் நன்மை, அரசாங்கத்தின் பணத்தால் வரவில்லை. இலங்கைத் தமிழ் வம்சாவளியினரான ஆனந்த கிருஷ்ணனின் நிறுவனம் 1996 ஜனவரியில் ஏவிய மியாசாட்-1, அதே ஆண்டில் தோன்றிய ஆஸ்ட்ரோ ஆகியவற்றின் வழியாகத்தான் மலைத்தோட்டத்துக் குடும்பங்கள் தினந்தோறும் தமிழ் நிகழ்ச்சிகளைக் காணப் பெற்றன. தனியார் முதலே போதுமே என்று இதைக் கொண்டு ஒருவர் வாதிக்கலாம். ஆனால் மியாசாட்டைச் சுமந்து சென்ற ஏரியான் ராக்கெட், ஐரோப்பிய அரசாங்கங்கள் பல ஆண்டு வரிப்பணத்தைக் கொட்டி உருவாக்கியது. மாதச் சந்தா செலுத்துவோர் இருக்கும் இடத்துக்குத் தனியார் முதல் வந்து சேரும், வரவேற்கத்தக்கதும் கூட. ஒரு மலைச்சரிவு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குச் சந்தா செலுத்துவார் யார்?

அப்படிப் பார்ப்பது இப்போது சாத்தியமாகியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் நடுநாயகமான செய்தி. ஒரே இடத்தை வெவ்வேறு நாள்களில் ராடார் அலைகளால் தொட்டு, திரும்பி வரும் அலையின் கட்டத்தை ஒப்பிட்டால், தரை எவ்வளவு தாழ்ந்தது அல்லது நழுவியது என்று நுட்பமாகக் கணிக்கலாம். ஐரோப்பியர் 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1 இந்த வேலையைச் செய்கிறது, படங்களை எவருக்கும் இலவசமாகவும் தருகிறது. ஆனால் அதன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவுதான். காற்றில் அசையும் இலைகளிலேயே அது சிதறிவிடுவதால், அடர்ந்த பசுமை மூடிய சரிவுகளில் கணக்குத் தடுமாறுகிறது. இருபத்து நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள நீண்ட அலையோ இலைத்திரையைப் பெரிதும் கடந்து, அடிமரத்தையும் மண்ணையும் தொட்டு வருகிறது. ஜப்பானியர் இவ்வகை ராடாரை முன்பே கையாண்டு வந்தார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நைசார், அமெரிக்க, இந்திய அரசாங்கங்கள் கூட்டாகச் செலவிட்டு அமைத்தது. நீண்ட அலை, இடைப்பட்ட அலை என்று இரண்டு ராடார்களைத் தாங்கிப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரே பாதைக்குத் திரும்பி வருகிறது. அதன் தரவுகளையும் விலையின்றித் தருவதென்று முடிவாகியிருக்கிறது. ஹூஸ்டனிலும் விருதுநகரிலும் வரி செலுத்தியவர்களின் பணத்தால், மூடுபனிக்குள் கிடக்கும் பகாங் மலைச்சரிவும் அளக்கப்படுகிறது. மழை மேகங்களின் நடமாட்டத்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை காட்டும் ஹிமாவாரி செயற்கைக்கோளும் அவ்விதமே. அதற்கான செலவை ஜப்பானியப் பிரஜைகள் ஏற்கிறார்கள்.

கேமரன் மலையில் இந்த அளவை வீண் ஆராய்ச்சி என்று சொல்வார் இல்லை. தேயிலைச் செடி நெருக்கமாக வேரூன்றி மண்ணை ஓரளவு பற்றிக்கொள்ளும். காடு வெட்டித் திறந்த காய்கறிப் படிக்கட்டுகளும், அவற்றின் மேல் விரித்த பிளாஸ்டிக் கூரைகளும் மழைநீரை ஒருங்கே திரட்டி ஓடையில் தள்ளும். கோலா தெர்லாப் பகுதியின் நீர் தெலோம் ஆற்றில் சேர்ந்து, மின்சாரத் திட்டத்துக்கென்று குடைந்த சுரங்க வழியாகப் பெர்த்தாம் ஆற்றுப்பக்கம் திருப்பப்பட்டு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் போய் விழுகிறது. 1963-இல் கட்டி முடிந்த சுல்தான் அபுபக்கர் அணைக்குப் பின்னால் குவிந்த வண்டலில் இந்தச் சரிவுகளின் மண்ணும் கலந்திருக்கிறது. வண்டலால் கொள்ளளவு குன்றிய அந்த அணையிலிருந்து 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நீர் திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் அழிந்தன. அதற்கு முந்தைய இருபதாண்டுகளிலும் காடு சுருங்கியதையும் படிக்கட்டுகள் பெருகியதையும், மேகம் விலகிய போதெல்லாம், லாண்ட்சாட் பதிவு செய்துகொண்டேதான் இருந்தது.

ஆகவே, பார்த்தல் மட்டும் காப்பாற்றுவதில்லை. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலையும் இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் காட்டின; ஆனால் கரையில் போதிய புகலிடங்களும் ஜனங்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடும் இல்லாததால், பதினாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். அதற்குப் பின் அந்த மாநிலம் பேரிடர் நிர்வாகத்துக்கென்று தனி அமைப்பை உண்டாக்கி, புயல் புகலிடங்களைக் கட்டி, கிராமந்தோறும் பயிற்சி அளித்தது. 2013-இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர் தொகை ஐம்பதுக்குள் நின்றது. வானத்தில் இருந்த கண் இந்த இடைவெளியில் ஓரளவு கூர்மையடைந்தது மெய். ஆனால் தரையில் நேர்ந்த மாறுதலே பெரிது. விண்வெளிச் செலவு என்று நாம் எண்ணும் கணக்கில், படத்தை வாசிப்பவரின் சம்பளமும், வாசித்ததை நம்பி ஆணையிடும் அதிகாரியின் பொறுப்பும் ஏறுவதில்லை என்பது, அந்தக் கணக்கின் பெருங்குறை.

அங்காசாவும் தொலையுணர்வு நிலையமும் 2019-இல் ஒன்றாக இணைந்து மலேசிய விண்வெளி முகமையாயின. விண்வெளி வாரியச் சட்டம் 2022-இல் நிறைவேறியது. 2025-இல் பகாங்கிலேயே ராக்கெட் ஏவுதளம் ஒன்றை அமைக்கலாமா என்று ஆராயும் பேச்சும் எழுந்தது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நாடு ஏவுதளத்தை நினைப்பது இயல்பே, அதை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் பணம் ஒதுக்கும் வரிசையைக் கேட்டால், தானா ராத்தாவில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் நைசார், சென்டினல் தரவுகளைப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை இறக்கி ஒப்பிட்டு, நகரும் சரிவுகளைக் குறித்துவைக்கக்கூடிய இரண்டு மூன்று நிலவியலாளர்களுக்கு நிரந்தர வேலை கொடுப்பதை முதலில் வைப்பேன். அவர்களுடைய குறிப்பு கிடைத்ததும் நிலத்தைத் திறப்பதற்கான அநுமதியை நிறுத்திவைக்கச் சட்டப்படி அலுவலருக்குக் கடமை விதிப்பதை அடுத்தபடியாக வைப்பேன். ரசாக்சாட்டின் பாதையில் ராடார் தாங்கிய சொந்தக் கலம் ஒன்றை மீண்டும் முயல்வதை மூன்றாவதாக வைப்பேன். ஏவுதளம் அதற்குப் பின் வரட்டும்.